அம்மாவின் வலி நோட்டு



நான் கோலார் தங்கவயலில் இருக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். எங்கள் லைனில் மாலை நேரத்தில் எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. அதில் நான் தொண்டர். என்னிடம் எழுத்துக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் என் அம்மா.

எங்கள் ஊர் தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதற்குப் பிறகு பலர் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அம்மாவும் பல வருடம் போய் வந்தார். வீட்டு வேலை. விடியும் முன் கிளம்புவார். இருட்டிய பிறகு திரும்புவார்.

அம்மாவுக்கு வலி உண்டு. நேற்று வந்த வலி இல்லை. ஏழு வருட வலி. அந்த வலியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

"ஒன்றும் இல்லை" என்றார்கள்

அம்மாவுக்கு வயிற்றில் இரண்டு முறை அறுவை நடந்தது. முதலில் சிசேரியன். அப்போது பிறந்தவள் நான்தான். பிறகு கருப்பையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு தையல் போட்ட இடத்துக்கு உள்ளே இழுத்துப் பிடிப்பது போல வலித்தது. சில மாதம் கழித்து வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமும் வலி வந்தது.

ஸ்கேன் எடுத்தோம். "சிறுநீரகத்துல சின்னக் கல் இருக்கு. வேற ஒண்ணும் இல்லை. தண்ணி நிறையக் குடிங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

"வேற ஒண்ணும் இல்லை" என்ற பேச்சு எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அம்மா படுத்தால், "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே" என்பார் அப்பா. "நாங்க எல்லாம் பிள்ளை பெத்த மறுவாரமே தண்ணி தூக்கினோம்" என்பார் பாட்டி. நானும் ஒரு நாள் சொன்னேன். "வேலை செய்ய முடியலைன்னா முடியலைன்னு சொல்லும்மா. வலின்னு சாக்கு சொல்லாதே."

அதன் பிறகு அம்மா வலியைப் பற்றிப் பேசவில்லை. வலி போய்விட்டது என்று நினைத்தோம். வலி போகவில்லை. அரிசி டப்பாவுக்குள் மாத்திரை அட்டையை ஒளித்து வைத்திருந்தார் அம்மா. தினம் இரண்டு மாத்திரை. சில நாள் மூன்று. எல்லாம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியவை.

அந்த மாத்திரை என்ன செய்தது என்று பிறகு சொல்கிறேன். முதலில் சிறுநீரகத்தைத் தெரிந்துகொள்வோம்.

சிறுநீரகம் என்ன செய்கிறது?

நம் உடம்பில் இரண்டு சிறுநீரகங்கள் உண்டு. முதுகெலும்பின் இரு பக்கமும், விலாவின் கீழ் ஓரத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூடிய கை அளவு இருக்கும். அவரை விதை போன்ற வடிவம்.

சிறுநீரகம் ஒரு வடிகட்டி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 12 குடம்! அதில் பெரும்பகுதியை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. ஒன்றரை லிட்டர் அளவுதான் கழிவோடு சேர்ந்து சிறுநீராக வெளியேறுகிறது.

இந்த வேலை குறைந்தால் கழிவு ரத்தத்தில் தங்கும். கிரியாட்டினின் என்பது அப்படி ஒரு கழிவு. ரத்தப் பரிசோதனையில் அதன் அளவு தெரியும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1.2 வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும்.

சிறுநீரகம் ஏன் வலிக்கிறது?

சிறுநீரகத்தின் உள்பகுதிக்கு வலி தெரியாது. அதன் மேல் ஓர் உறை இருக்கிறது. அந்த உறைக்கு வலி தெரியும். சிறுநீரகம் வீங்கினால் உறை இழுபடும். அப்போது வலிக்கும்.

வீக்கம் ஏன் வருகிறது? சிறுநீர் இறங்கும் குழாயைக் கல் அடைத்தால் வரும். சாக்கடையில் அடைப்பு ஏற்பட்டால் தண்ணீர் பின்னால் தேங்குகிறது அல்லவா? அதுபோலத்தான். கல்லைத் தள்ளக் குழாய் சுருங்கி விரியும். அதனால் வலி அலை அலையாக வரும். விலாவில் தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கும்.

கிருமி தொற்றினாலும் வலிக்கும். அப்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரலாம். சிறுநீர் எரிச்சலோடு போகும்.

சிலருக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைய வளரும். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. இதிலும் நாள்பட்ட வலி உண்டு.

இங்கே இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, எல்லா முதுகு வலியும் சிறுநீரக வலி இல்லை. குனிந்தால், நிமிர்ந்தால் கூடும் வலி பெரும்பாலும் தசை வலியாக இருக்கும். இரண்டு, சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகும்போது பலருக்கு வலியே இருக்காது. வலி இல்லை என்பதால் நலம் என்று நினைக்கக் கூடாது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வருடம் ஒரு முறையாவது ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும்.

வயிற்றுக்குள் ஒட்டு

இப்போது அம்மாவின் இன்னொரு வலிக்கு வருவோம்.

நம் வயிற்றுக்குள் குடல் வழுக்கிக்கொண்டு நகர்கிறது. குடலைச் சுற்றியும் வயிற்றுச் சுவரின் உள்ளேயும் மெல்லிய ஈரச் சவ்வு இருக்கிறது. அதனால்தான் ஒன்றோடு ஒன்று உரசினாலும் நமக்குத் தெரிவதில்லை.

வயிற்றைத் திறந்து அறுவை செய்யும்போது அந்தச் சவ்வு காயப்படும். காயம் ஆற உடம்பு ஒரு பசையைச் சுரக்கும். பசை தானாகக் கரைந்துவிட்டால் தொல்லை இல்லை. கரையாமல் நின்றால் நார் நாராக மாறும். குடல் குடலோடு ஒட்டும். குடல் வயிற்றுச் சுவரோடும் ஒட்டும். கஞ்சி போட்ட சேலையை உதறாமல் காய விட்டால் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் இதை அட்ஹீஷன் என்பார்கள். நாம் ஒட்டு என்போம்.

வயிற்றில் திறந்த அறுவை நடந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒட்டு இருக்கும். ஆனால் பலருக்கு எந்தத் தொல்லையும் வருவதில்லை. சிலருக்கு மட்டும் இழுக்கும், பிடிக்கும், வலிக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டால் கூடும். பாரம் தூக்கினால் கூடும். அறுவை நடந்து பல வருடம் கழித்தும் வலி வரலாம். வயிற்றில் காசநோய் வந்தவர்களுக்கும் ஒட்டு வரும்.

இந்த ஒட்டு சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால், உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. இது எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது.

"அறுத்து எடுத்துவிடலாமே" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒட்டை அறுத்தால் அந்தக் காயத்திலேயே புது ஒட்டு வரலாம். நெதர்லாந்து மருத்துவர்கள் 2003ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள்பட்ட வயிற்று வலியும் ஒட்டும் உள்ள 100 பேருக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒட்டை அறுத்தார்கள். மீதிப் பேருக்கு அறுக்கவில்லை. யாருக்கு அறுத்தது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருந்தது. அதனால்தான் குடல் அடைத்துக்கொண்டால் ஒழிய, ஒட்டை அறுக்க மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை.

இதிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. தேவை இல்லாத அறுவை வேண்டாம். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டம் இருக்கிறது. அங்கே கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளம் வயதிலேயே கருப்பை எடுக்கப்பட்ட செய்தி 2019ஆம் ஆண்டு வெளியே வந்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. கருப்பையை எடுக்கச் சொன்னால், "வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். கேட்பது நம் உரிமை.

காயம் ஆறினாலும் வலி ஏன்?

சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்டுக்குச் சங்கு ஊதும். ஊரே எழும் என்று தாத்தா சொல்வார். வலியும் உடம்பின் சங்குதான். "இங்கே கேடு இருக்கிறது, கவனி" என்று மூளைக்குச் சொல்கிறது.

பல மாதம் விடாமல் வலித்தால் நரம்பும் மூளையும் அதற்குப் பழகிவிடும். சின்னத் தூண்டலுக்கும் பெரிதாக ஊதும். சில சமயம் கேடு நீங்கிய பிறகும் ஊதும். விசை மாட்டிக்கொண்ட சங்கு போல. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் உண்டு. அந்தப் பட்டியல் 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

அதனால் நாள்பட்ட வலி கற்பனை இல்லை. சாக்கும் இல்லை. சங்கு நிஜமாகவே ஊதுகிறது.

வலி நோட்டு

அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நேரம். "தினம் ஏதாவது இரண்டு வரி எழுதி வாருங்கள்" என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருவர் கடைக்கணக்கு எழுதினார். ஒருவர் ரயில் நேரம் எழுதினார். அம்மாவின் நோட்டில் இப்படி இருந்தது.

"திங்கள். ரயில். ஒன்னுக்கு போகலை. ராத்திரி முதுகு வலி. ரெண்டு மாத்திரை."

"புதன். நாலு குடம் தண்ணி. வயிறு இழுக்குது. மூணு மாத்திரை."

அன்றுதான் எனக்கு மாத்திரை விஷயம் தெரியும். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "நீ எழுதச் சொன்னே, எழுதினேன்" என்றார் அம்மா.

பிறகு இரண்டு மாதம் முறையாக எழுதினோம். எங்கே வலி, எப்போது வலி, என்ன செய்தபோது வந்தது, எதனால் குறைந்தது என்று எழுதினார் அம்மா. வலிக்கு 0 முதல் 10 வரை எண் போட்டார். 0 என்றால் வலி இல்லை. 10 என்றால் தாங்கவே முடியாத வலி.

அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டினோம். ஐந்து நிமிடம் படித்தார். "இது ஒரு வலி இல்லை, ரெண்டு வலி" என்றார். ரயிலில் போன நாட்களில் முதுகுப் பக்கம் வந்தது சிறுநீரக வலி. தண்ணீர் தூக்கிய நாளிலும் வயிறு நிறையச் சாப்பிட்ட நாளிலும் வந்தது ஒட்டு வலி. வேலை செய்யும் வீட்டில் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு அம்மா தண்ணீரே குடிக்க மாட்டார். சிறுநீரையும் அடக்கிக்கொள்வார். சிறுநீர் கெட்டிப்பட்டால் கல் வளரும். அடக்கினால் கிருமி பெருகும்.

புது ஸ்கேனில் கல் பெரிதாகிக் குழாயை அடைத்திருந்தது தெரிந்தது. கிரியாட்டினின் 1.9. "எத்தனை வருஷமா இந்த மாத்திரை சாப்பிடறீங்க?" என்று மருத்துவர் கேட்டார். அம்மா தலை குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.

வலி மாத்திரையும் கழுகும்

பிணந்தின்னிக் கழுகுகளைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் முன்பு ஏராளமாக இருந்தன. 1990களில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் 2004ஆம் ஆண்டு தெரிந்தது. மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கொடுத்தார்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் பழுதானது. 2006ஆம் ஆண்டு இந்தியா அந்த மருந்தை மாடுகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது.

மனிதர் உடம்பு கழுகு உடம்பு இல்லை. ஒரு மாத்திரையில் நமக்கு அப்படி ஆகாது. ஆனால் டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. மருத்துவர் பார்த்துச் சில நாள் தருவது வேறு. நாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. வாந்தி, பேதி, கடும் வெயில் என்று உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் கேடு இன்னும் அதிகம். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

பாரசிட்டமால் சிறுநீரகத்துக்கு இவ்வளவு கேடு செய்யாது. ஆனால் அதற்கும் அளவு உண்டு. அளவு மீறினால் கல்லீரல் கெடும். சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை பலவற்றிலும் அதே பாரசிட்டமால் கலந்திருக்கும். எத்தனை, எத்தனை மணி இடைவெளி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேர் தெரியாத சூரணமும் பற்பமும் வேண்டாம். சிலவற்றில் ஈயம், பாதரசம் கலந்திருக்கலாம்.

மாத்திரை அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் வேண்டாத மருந்துகளின் பெயரை அம்மாவுக்குத் தமிழில் ஓர் அட்டையில் எழுதித் தந்தேன். கடையில் எதை வாங்கினாலும் அதைப் பார்த்து, "இதில் டைக்ளோஃபினாக் இருக்கா?" என்று வாய்விட்டுக் கேட்கிறார். நீங்களும் இப்படி ஓர் அட்டை எழுதிக்கொள்ளலாம்.

வலியோடு வாழ என்ன செய்யலாம்?

அம்மாவுக்குக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். மாத்திரையை நிறுத்தினோம். சில மாதத்தில் கிரியாட்டினின் 1.4க்கு இறங்கியது. முழுதும் சரியாகவில்லை. முன்பே நிறுத்தியிருந்தால் ஆகியிருக்கலாம். ஒட்டு வலி இன்னும் இருக்கிறது. ஆனால் 8 என்று எழுதிய இடத்தில் இப்போது 4 என்று எழுதுகிறார்.

என்ன செய்தோம்?

மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதை ஐந்து சிறு வேளையாக மாற்றினோம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டோம். தண்ணீர்க் குடத்தை இப்போது அப்பாவும் தம்பியும் தூக்குகிறார்கள். இழுத்துப் பிடிக்கும்போது வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுக்கிறோம். துணி சுற்றித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். தினம் கால் மணி நேரம் மெல்ல நடக்கிறார். வலிக்குப் பயந்து படுத்தே இருந்தால் தசை இறுகி வலி கூடும். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தால் மறுநாள் படுக்க வேண்டியதுதான். அதனால் கொஞ்சம் வேலை, கொஞ்சம் ஓய்வு.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். கல் உள்ளவர்கள் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீர் தெளிந்து போக வேண்டும். ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதாகிக் கால், முகம் வீங்கியவர்கள் அளந்துதான் குடிக்க வேண்டும். ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குப் பொருந்தாது. உங்கள் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

நரம்பு வலிக்குத் தனி மாத்திரைகள் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்துத் தருவார்கள். அதனால், "எனக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு" என்று எந்த மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீண்ட வலி மனதையும் அரிக்கும். தூக்கம் போகும். சாகலாம் என்றுகூடத் தோன்றும். அம்மாவுக்கும் தோன்றியது என்று பின்னால்தான் சொன்னார். அப்படித் தோன்றினால் யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். இது அரசின் மனநல உதவி எண். 2022ஆம் ஆண்டு தொடங்கியது.

செலவுக்கு என்ன செய்வது? ஜன் ஔஷதி கடைகளில் மருந்து விலை குறைவு. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018ஆம் ஆண்டு வந்தது. தகுதி உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவச டயாலிசிஸ் தரும் தேசியத் திட்டம் 2016ஆம் ஆண்டு தொடங்கியது. வலியைத் தணிப்பதும் வைத்தியம்தான். கேரள அரசு 2008ஆம் ஆண்டே இதற்கென்று கொள்கை வகுத்தது.

எப்போது உடனே போக வேண்டும்?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலா வலியும் வந்தால்.

சிறுநீர் நின்றுபோனால், அல்லது ரத்தம் கலந்து போனால்.

வயிறு உப்பி, வாந்தி வந்து, மலமும் காற்றும் பிரியாமல் போனால். ஒட்டு குடலை அடைத்திருக்கலாம். இது உயிருக்கு ஆபத்து.

மூச்சு வாங்கி, கால், முகம் வீங்கினால்.

இப்போது வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கை உடைந்தால் கட்டுப் போட்டிருப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருக்கும் வலிக்குக் கட்டு இல்லை. சொன்னால்தான் தெரியும். சொன்னதை நம்பினால்தான் மறுபடி சொல்வார்கள்.

என் அம்மா ஏழு வருடம் வலித்தவர். அதில் மூன்று வருடம் வலியை ஒளித்தவர். ஒளிக்க வைத்தவர்கள் நாங்கள். மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்தது உண்மை. அந்த மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் போக வைத்தது எங்கள் பேச்சு.

இப்போது மாலையில் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்கிறார் அப்பா. "நாலு" என்கிறார் அம்மா. அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறார்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் வலி உண்டா? அவரிடம் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

2. உங்கள் வீட்டில் இருக்கும் மாத்திரைகளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். எதற்கு என்று நலவாழ்வு மையத்தில் கேட்டு அறியுங்கள்.

3. வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? இல்லை என்றால் யாரிடம் கேட்கலாம்? சேர்ந்து பேசி ஒரு மனு எழுதுங்கள்.